புதுப்பிப்பு: 'அமிக்கபிலி'யா (amicably), 'ஏமியபிலி'யா (amiably)?
காவேரிப்பட்டணத்து மாந்தோப்புக் குத்தகைத் தகராறு பேசி முடிந்ததை ஆங்கிலக் கடிதத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். 'அமிக்கபிலி' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டுக்கும் வேர், நண்பனைக் குறிக்கும் லத்தீன் 'அமிகஸ்'தான். ஆனால் 'ஏமியபிலி' ஒருவர் முகங்கொடுத்துப் பேசும் விதத்துக்கு. சிரித்தபடி தலையாட்டினார் என்பதுபோல. 'அமிக்கபிலி' இரு தரப்புக்கு நடுவே வருவது: ஒப்பந்தம், பாகப்பிரிவினை, விவாகரத்துகூட. நம் 'சுமுகமாக' அப்படியே பொருந்தும். அதற்கு அன்பெல்லாம் பொங்க வேண்டியதில்லை, சண்டையில்லாமல் முடிந்தால் போதும். தோப்புக்காரர் கையெழுத்துப் போடும்போதும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்!

அப்புறம், ஒருவர் சொன்ன 'கார்டியலி' (cordially, மனமார்ந்து) கல்யாணப் பத்திரிகைக்கு அழகு. பெங்களூரா மாங்காய்க் கணக்குக்கு ஒட்டாது.