ஸ்கைர்மியான் நேராகச் செல்லாதது ஏன்?

மண்டபம் மாணவி:
வணக்கம். பிளாட்டினத்தின்மேல் கோபால்ட் படிந்த மெல்லிய படலத்தில் மின்னோட்டம் செலுத்தினால், ஸ்கைர்மியான் என்னும் நுண்ணிய காந்தச் சுழல் மின்னோட்டத் திசையிலிருந்து விலகி ஓரத்தை நோக்கிச் செல்கிறது என்று படித்தேன். பாம்பன் நீரோட்டம் வள்ளத்தைப் பக்கவாட்டில் இழுப்பதுபோல், வெளியிலிருந்து ஏதேனும் விசை அதைத் தள்ளுகிறதா?

கீழக்கரை ஆசிரியர்:
இல்லை, அம்மா. ஸ்கைர்மியானின் மையத்தில் உள்ள தற்சுழற்சிகள் (அணுக்களின் நுண்ணிய காந்தங்கள்) ஒரு திசையையும் விளிம்பில் உள்ளவை எதிர்த்திசையையும் நோக்கி நிற்க, இடைப்பட்டவை படிப்படியாகத் திரும்பி எல்லாத் திசைகளையும் ஒருமுறை தொட்டுவிடுகின்றன. இந்த முறுக்கே, சுழல் நகரத் தொடங்கியதும், இயக்கத்துக்குச் செங்குத்தான மேக்னஸ் விசையைப் பிறப்பிக்கிறது. 2017-இல் வெளியான ஆய்வுகள் இவ்விலகலை நேரடியாகப் படம்பிடித்தன. ஸ்கைர்மியான்களைத் தகவல் துணுக்குகளாக நகர்த்தும் நினைவகத் தடத்தில் இது உண்மையிலேயே பெருஞ்சிக்கல், ஏனெனில் ஓரத்தில் மோதும் ஸ்கைர்மியான் அழிந்தால் அது சுமந்த தகவலும் அழியும்.

தொண்டி வாசகர்:
இரண்டு காந்த அடுக்குகளை, காந்தத் திசைகள் எதிரெதிராக இருக்கும்படி பிணைத்தால், அவற்றிலுள்ள ஸ்கைர்மியான்களின் பக்கவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இத்தகைய அமைப்பில் ஸ்கைர்மியான்கள் விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தை எட்டியதாக 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் வழி இதுவே.

மண்டபம் மாணவி:
நன்றி. அவ்விரு அடுக்குகளின் காந்தமாக்கம் சமமாக இல்லாவிட்டால்?

கீழக்கரை ஆசிரியர்:
அந்த வேறுபாட்டின் அளவுக்கேற்ப விலகல் ஓரளவு மீண்டும் தோன்றும்.