ஃபிராடு என்றால் மோசடி மட்டும்தானா?

சனிக்கிழமை தமிழ் வகுப்பில் ஃபிராடு என்றால் மோசடி என்று சொல்லிவைத்தேன், உடனே ஒருத்தன் பரீட்சையில் பார்த்து எழுதுவதும் மோசடியா என்கிறான். வேறு என்ன சொற்கள் இருக்கின்றன, எதை எங்கே போடுவது?
– சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

> அது காப்பியடிப்பது, அவ்வளவுதான். பொய்க் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வது மோசடி; கூடவே இருந்து, நம்பவைத்துக் கழுத்தறுத்தால் வஞ்சகம். கணக்கில் சின்னச் சின்னதாகக் கை வைத்தால் தில்லுமுல்லு. பித்தலாட்டம் சண்டையில் வருகிற சொல், வகுப்பில் பார்த்துச் சொல்லுங்கள் :)

> பணம் போனால்தான் ஃபிராடு என்று தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இல்லை அண்ணா. வேண்டுமென்றே பொய்யாகக் காட்டி, அதனால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தாலோ வரக்கூடும் என்றாலோ போதும், போலிச் சான்றிதழ் காட்டி வேலைக்குச் சேர்வதும் அதில் அடங்கும். போலிப் பத்திரம் தயாரிப்பது தனிக் குற்றம், அதைக் கொண்டுபோய் நீட்டுவது இன்னொன்று.

> சரி அக்கா, அப்படிப்பட்ட ஆளை எப்படிச் சொல்வது?

> எத்தன், புரட்டுக்காரன். தமிழ்நாட்டில் 'ஃபோர் ட்வென்டி' என்பார்கள், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு அது. டர்பனில் யாருக்குப் புரியும், இங்கே 'ஸ்கெல்ம்' (அயோக்கியன் என்பதற்கான ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல்) என்றால் போதும்.