'பாரசைட்': கி-டேக் ஏன் பார்க்கைக் குத்துகிறார்?

கேள்வி:
வணக்கம். கான் விழாவின் தங்கப் பனை விருதையும் நான்கு ஆஸ்கர்களையும் பெற்ற போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) படத்தை நேற்று இரண்டாம் முறை பார்த்தேன். செல்வந்தரான பார்க் எவரையும் அடிப்பதில்லை, வசைபாடுவதில்லை, சம்பளத்தைப் பிடித்து வைப்பதுமில்லை. அப்படியிருக்க, அவருடைய கார் ஓட்டுநரான கி-டேக், தன் மகளைக் குத்தியவனை விட்டுவிட்டு முதலாளியைக் குத்துவதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் எதையேனும் தவறவிட்டேனா?

மறுமொழி 1:
குத்துவதற்கு முந்தைய நொடிகளை மீண்டும் பாருங்கள். மகளைக் குத்தியவன், பார்க் வீட்டு நிலவறையில் ஒளிந்து வாழ்ந்தவன்; அவன் உடலுக்கடியில் கார் சாவி சிக்கிக் கிடக்கிறது. அதை எடுக்கக் குனியும் பார்க், அந்த உடலின் நாற்றம் தாளாமல் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். அதே மூக்குதான் கி-டேக்கின் வாடையையும் முன்பே முகம் சுளித்துப் பேசியது. முந்தைய இரவு பார்க் வீட்டு மேசைக்கடியில் பதுங்கிப் படுத்தபடி அதைக் கேட்ட கி-டேக், தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்ப்பார். படத்திலேயே என்னை அதிகம் உலுக்கிய காட்சி அதுதான். சாகக் கிடப்பவனுக்கு நேர்ந்த அவமதிப்பைத் தனக்கு நேர்ந்ததாகவே அவர் உணர்கிறார் என்பது என் வாசிப்பு.

மறுமொழி 2:
அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோப்பை மாற்றினால் போகாது, இந்த வீட்டை விட்டுப் போனால்தான் போகும் என்று மகளே சொல்லிவிடுகிறாள். சியோலில் 'பன்ஜிஹா' என்றழைக்கப்படும் இத்தகைய பாதி நிலத்தடி வீடுகள், வடகொரியாவுடனான பதற்றம் மிகுந்திருந்த 1970-களில், போர்க்காலப் பதுங்கிடங்களாகப் பயன்படட்டும் என்று கட்டப்பட்ட அடித்தளங்களிலிருந்து பெருகியவை. வீட்டுத் தட்டுப்பாடு முற்றியபோது அவையே வாடகைக் குடியிருப்புகளாயின. படத்தில் கழிவறைப் பீடம் வீட்டிலேயே உயரமான இடத்தில் இருப்பதையும், வெள்ள இரவில் அது சாக்கடை நீரைக் கக்குவதையும் நினைத்துப் பாருங்கள். மறுநாள் காலை பார்க்கின் மனைவி, மழையால் வானம் தெளிந்தது என்று காரில் அமர்ந்து மகிழ்ந்து பேசுகிறாள். வண்டியை ஓட்டுபவரோ வீடு மூழ்கி, உடற்பயிற்சிக் கூடமொன்றில் இரவைக் கழித்தவர். யோன்சே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த இயக்குநர் இவர், வர்க்கத்தைப் பிரசங்கமாக அல்லாமல் படிக்கட்டாகவும் மழைநீராகவும் காட்டத் தெரிந்தவர்.

மறுமொழி 3:
இருவர் சொன்னதும் சரியே. ஆயினும் முழுப் பழியையும் பார்க்கின் மூக்கின் மீதே சுமத்திவிட வேண்டாம். பழைய பணிப்பெண்ணுக்குக் காசநோய் என்று பொய்யாக நம்பவைத்து, அவள் பிழைப்பைப் பறித்தது கி-டேக்கின் குடும்பம்தான். அவள் திரும்பி வந்து, நிலவறையிலுள்ள கணவனுக்காக "அக்கா" என்று கெஞ்சும்போது, கி-டேக்கின் மனைவி அப்படி அழைக்காதே என்று அதட்டுகிறாள். அப்போது மேல்தளத்தில் பார்க் குடும்பத்தார் ஒருவர்கூட இல்லை.