பி.காம் படிக்கும்போதே அப்பார்ட்மென்ட் பராமரிப்பு வேலைக்குப் போகலாமா?

கேள்வி – துரைப்பாக்கம் மாணவன்
பி.காம் இரண்டாம் ஆண்டு. மதியத்தோடு கல்லூரி முடிந்துவிடும். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் வேலையில் சேர ஆசை. வீட்டில் "புரோக்கர் வேலையா?" என்கிறார்கள். தனியாக ஏதாவது படிக்க வேண்டுமா?

பதில் – எஸ்டேட் மேனேஜர், சோழிங்கநல்லூர்
தம்பி, புரோக்கர் வேலை வேறு. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டங்களில் வீடு விற்றுக் கொடுப்பவர் தானும் ரெராவில் ஏஜென்டாகப் பதிய வேண்டும். விற்று முடித்த கட்டடத்தைக் காலத்துக்கும் ஓட வைப்பதுதான் நம் வேலை. நான் படித்தது பி.ஏ. வரலாறு.

முதலில் ஏதாவது ஒரு குடியிருப்போர் சங்க அலுவலகத்தில் பகுதிநேர உதவியாளராகச் சேருங்கள். ரசீது போடுவீர்கள், புகார் நோட்டு எழுதுவீர்கள், லாரித் தண்ணீர் வந்தால் கையெழுத்துப் போடுவீர்கள். இந்தக் கையெழுத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லாரி வருவதற்கு முன்னும் போன பின்னும் சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) அளவு பார்த்து, 12,000 லிட்டருக்கு வாங்கிய காசுக்கு 12,000 லிட்டரும் இறங்கியதா என்று சொல்லத் தெரிந்த ஆளை எந்தச் சங்கமும் விடாது. கோடையில் எங்கள் செலவில் பெரிய பங்கு தண்ணீர்தான்.

மீதி நேரம் பிளம்பர், எலக்ட்ரீஷியன் கூடவே சுற்றுங்கள். எஸ்.டி.பி.யில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில்) நாற்றம் என்று புகார் வந்தால் முதலில் அதற்குள் காற்றை அனுப்பும் புளோயர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று போகாவிட்டால் கழிவு நாறும். லிஃப்ட், ஜெனரேட்டர் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியும் தேதிகளை உங்கள் நோட்டிலேயே குறித்து வையுங்கள்.

பி.காம் இங்கே பெரிய பலம். ஒரு வீட்டின் மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயையும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். பல கமிட்டிகள் இதில்தான் திணறுகின்றன.

பதில் – வாடகை வீடு பார்ப்பவன்
நான் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தைப் படித்துவிடுங்கள், 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அப்புறம், குடிவரும் அன்றே குழாய், சுவர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரு தரப்புக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் தகராறு பாதியாகக் குறையும்.

துரைப்பாக்கம் மாணவன்
நன்றி அக்கா, நன்றி அண்ணா. சங்கத்தில் யாரைப் போய்க் கேட்பது?

எஸ்டேட் மேனேஜர், சோழிங்கநல்லூர்
செக்ரட்டரியைக் கேளுங்கள். பகலில் அவரும் ஆபீஸ் போயிருப்பார், இரவு ஏழு மணிக்கு மேல் போங்கள். கேட்டில் செக்யூரிட்டியிடம் விஷயத்தைச் சொன்னாலே எந்த பிளாக் என்று காட்டிவிடுவார்.