புதுப்பிப்பு: கார்டு பணம் தாமதமானாலும் வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது

அப்பாவின் ஆபரேஷனுக்காக மதுரை போயிருந்தபோது கிரெடிட் கார்டு பணத்தை இரண்டு முறை (ஒன்பது நாள், ஐந்து வாரம்) தாமதமாகக் கட்டிவிட்டேன், இனி மெல்போர்னில் வீட்டுக் கடன் கிடைக்குமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். போன வாரம் ஒப்புதல் வந்துவிட்டது. தைரியம் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் ஈக்விஃபாக்ஸ் என்ற நிறுவனம் தரும் என் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்தேன் (மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலவசம்). ஒன்பது நாள் தாமதம் அதில் இல்லவே இல்லை. ஆஸ்திரேலியாவில் 14 நாளைத் தாண்டினால்தான் தாமதம் என்று பதிவாகும். ஐந்து வாரம் இழுத்தது மட்டும் இருந்தது. அது 24 மாதம் நிற்கும். பாக்கி 150 டாலருக்குக் குறையாமல் 60 நாளும் தாண்டியிருந்தால் 'டிஃபால்ட்' (கடன் தவறியது) என்று பதிவாகி ஐந்து வருடம் நின்றிருக்கும். நல்லவேளை, அதுவரை போகவில்லை.

முதல் வங்கி மறுத்துவிட்டது. உடனே நாலு இடத்தில் விண்ணப்பிக்கக் கை பரபரத்தது, வீட்டுக் கடன் புரோக்கர்தான் தடுத்தார். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஏறுமாம். அடுத்த வங்கிக்கு அப்பாவின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, விமான டிக்கெட்டோடு ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தோம். அப்புறம், கார்டு லிமிட்டை 15,000 டாலரிலிருந்து 4,000 ஆகக் குறைத்தேன். பாக்கியே இல்லாவிட்டாலும் முழு லிமிட்டையும் கடனாகவே கணக்கிடுகிறார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

கார்டுக்கு இப்போது ஆட்டோ டெபிட் போட்டாயிற்று. அப்பா நலம்; கிரகப்பிரவேசத்துக்கு வருகிறார்.