கண்ணாடி விரியன் விஷத்தைக் கண்டறிய: எஸ்சிஎஃப்வி போதுமா, முழு ஐஜிஜி வேண்டுமா?

காட்பாடி மாணவி:
பயோடெக் கடைசி வருஷம், வேலூர். குடியாத்தம் பக்கம் பாம்புக்கடியோடு வருகிறவர்களுக்கு எந்தப் பாம்பு கடித்தது என்றே பல நேரம் தெரிவதில்லை. அதனால் கண்ணாடி விரியன் விஷத்தை மட்டும் பிடிக்கிற எலைசா (ஆன்டிபாடியால் ஒரு பொருளைக் கண்டறியும் சோதனை) ஒன்றைப் புராஜெக்டாக எடுத்திருக்கிறேன். ஆன்டிபாடியின் ஜீன் வரிசை கையில் இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் எஸ்சிஎஃப்வியாக (ஆன்டிபாடியின் பிடிக்கும் நுனியை மட்டும் கொண்ட சிறு துண்டு) செய்யவா, சிஎச்ஓ என்ற வெள்ளெலிச் செல்லில் முழு ஐஜிஜியாக (முழு ஆன்டிபாடி) செய்யவா? ஈ.கோலை என்றால் எல்லாம் இன்குளூஷன் பாடியாகத்தான் (சரியாக மடியாமல் செல்லுக்குள் திரண்ட புரதக் கட்டி) வரும் என்று சீனியர் பயமுறுத்துகிறார்.

ஆம்பூர்க்காரன்:
எதற்குப் பயன்படுத்தப் போகிறாய் என்பதுதான் முதலில் தங்கச்சி. வெறும் கண்டறிதலுக்கு எஃப்சி பகுதியின் (ஆன்டிபாடியின் வால் பக்கம்) சர்க்கரைச் சங்கிலி தேவையே இல்லை, நோயெதிர்ப்புச் செல்களைக் கூப்பிட்டுக் கொல்லவைக்கிற புற்றுநோய் மருந்துகளுக்குத்தான் அது முக்கியம். அதனால் ஈ.கோலையிலேயே தொடங்கு. ஆனால் சைட்டோபிளாசத்தில் புரதத்தின் மடிப்பைப் பிடித்து வைக்கும் டைசல்பைடு பிணைப்பு சரியாக அமையாது, பெல்பி லீடர் (முகவரிச் சீட்டு போல் புரதத்தை வழியனுப்பும் வரிசை) சேர்த்து பெரிபிளாசத்துக்கு (பாக்டீரியாவின் இரு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடம்) அனுப்பு. ஐபிடிஜியை (புரத உற்பத்தியைத் தூண்டும் வேதிப்பொருள்) குறை, 25 டிகிரியில் இண்டியூஸ் செய். அப்புறம், நம்ம ஊர் மே மாதத்தில் குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரில் (வளர்ப்புக் குடுவையை ஆட்டும் கருவி) 25 வைத்தால் திரையில்தான் 25 இருக்கும், உள்ளே அறையின் சூடுதான். பாதிப் பேர் இதைக் கவனிக்காமல் பிளாஸ்மிடை (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) திட்டுகிறார்கள்.

வாலாஜா அக்கா:
அவர் சொன்னது சரி, ஆனால் எஸ்சிஎஃப்வியில் எஃப்சி கிடையாது, அதனால் வழக்கமான செகண்டரி ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது) அதைப் பிடிக்காது, சுத்திகரிக்கப் பயன்படும் புரோட்டீன் ஏ குழாயையும் (column) நம்பி இறங்காதே. ஹிஸ் டேகும் மைக் டேகும் (சுத்திகரிக்கவும் கண்டுபிடிக்கவும் உதவும் சிறு ஒட்டுகள்) இப்போதே சேர்த்துவிடு. இன்னொன்று, ஐஜிஜிக்கு இரண்டு கை, இதற்கு ஒன்றுதான். பிடிமானம் சுமாராக இருந்தால் எலைசாவில் கழுவும்போதே போய்விடும். அப்படி ஆனால் எஃப்சியோடு இணைத்து எச்ஈகே 293 என்ற மனிதச் செல்லில் செய். சாண்ட்விச் எலைசா (விஷத்தை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிப்பது) என்றால் விஷத்தின் வேறொரு இடத்தில் ஒட்டும் இரண்டாவது ஆன்டிபாடியும் வேண்டும், அதை யோசித்தாயா? நாகம், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தோடும் சோதித்துப் பார், பஃபரில் மட்டும் இல்லாமல் சீரத்தில் கலந்தும்.

காட்பாடி மாணவி:
இரண்டாவது இன்னும் இல்லை அக்கா, தேடுகிறேன். சரி, இதையே பின்னாடி மருந்தாகவும் கொண்டுபோக முடியுமா?

ஆம்பூர்க்காரன்:
எஸ்சிஎஃப்வியாக அப்படியே கஷ்டம். சுமார் 27 கிலோடால்டன்தான், சிறுநீரகம் சீக்கிரமே வெளியேற்றிவிடும், கடிவாயிலிருந்து விஷமோ மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். 150 கிலோடால்டன் ஐஜிஜி நாள்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். அதோடு விஷம் என்பது பல புரதங்களின் கலவை, ஒரே ஆன்டிபாடி எல்லாவற்றையும் அடக்காது. குதிரை சீரம் மருந்து இன்னும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். புராஜெக்டுக்கு இப்போது கண்டறிதலோடு நிறுத்திக்கொள்.