பெஞ்சல் வெள்ளம்: பிள்ளைகளுக்குத் திருப்பூரிலிருந்து எதை அனுப்புவது?

ஓவர்லாக் அக்கா, திருப்பூர்:
2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரத்தில் வாக்கப்பட்டுப் போன என் தங்கை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவளுடைய சின்னவன், ஐந்து வயது, தூறல் விழுந்தாலே கட்டில்மேல் ஏறி நின்றுகொள்கிறான். எங்கள் பனியன் கம்பெனியில் பழைய துணி ஆறு மூட்டை சேர்ந்திருக்கிறது. அனுப்பலாமா?

பவானி வாத்தியார்:
வேண்டாம் அக்கா. மேட்டூர் உபரி நீரைத் திறந்து காவிரி பெருகும்போது இங்கே பள்ளிக்கூடம்தான் முகாம். பழைய துணி மூலையில் நனைந்து நாறும்; எடுக்க ஆள் இருக்காது. பிள்ளைகள் கேட்க வெட்கப்படுவது ஜட்டியும் சிம்மீசும்தான். 50 முதல் 75 செ.மீ. வரை அளவு பிரித்துப் புதிதாக அனுப்புங்கள். பெரிய பெண்பிள்ளைகளுக்கு நாப்கின், அதை மறக்கவே கூடாது.

காங்கேயம் செவிலியர்:
வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, அதாவது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். சின்னவனை "பயப்படாதே" என்று அதட்ட வேண்டாம் கண்ணு. பக்கத்தில் உட்காருங்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். தனித்துவிடப்பட்ட பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், கட்டணமில்லை.

ஓவர்லாக் அக்கா:
முதலாளி துணி தருகிறார். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் தைக்கிறோம். 55 அளவில்தான் முதல் கட்டு.